டிஃபரன்ஷியல் மாற்றிய பழைய காரில் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது: கேள்வி பதில்

பழைய கார்களில் டிஃபரன்ஷியலை, அதாவது இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும் பின் அச்சுப் பல்சக்கரத் தொகுதியை, வேறு விகிதத்துக்கு மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுவது குறித்துப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் 948 சிசி மாரிஸ் மைனர் இருக்கிறது. அதில் 1098 சிசி வண்டியின் டிஃபரன்ஷியலைப் பொருத்தினோம். இப்போது கைபேசியின் ஜிபிஎஸ் 80 கி.மீ. வேகம் என்று சொல்லும்போது முள் 74-இல் நிற்கிறது. மீட்டர் பழுதாகிவிட்டதா, ஐயா?

மீட்டர் நன்றாகவே இருக்கிறது. அதற்குச் சக்கரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தன்னிடம் வந்து சேரும் கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். அந்தக் கேபிளைச் சுழற்றுவது கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கும் ஷாஃப்ட். உங்கள் பழைய டிஃபரன்ஷியலில் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 9 பல், சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்கு 41 பல்; விகிதம் 4.555. புதியதில் அதே 9 பல்லுக்கு 38 பல், விகிதம் 4.222. சக்கரம் ஒருமுறை சுற்ற முன்பு நாலரைச் சுற்றுக்கு மேல் சுற்றிய ஷாஃப்ட், இப்போது நாலேகால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகவே சுற்றுகிறது. 80-ஐ 38-ஆல் பெருக்கி 41-ஆல் வகுத்தால் 74.1 வரும். கணக்கும் கைபேசியும் ஒத்துப்போகின்றன.

ஆனால், மீட்டர் குறைத்துக் காட்டுவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்றும், கூட்டிக் காட்டினால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. வரை காட்டலாம் என்றும் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிமுறை சொல்கிறது. அதன்படி 80-இல் ஓடும் வண்டி 92 வரை காட்டலாம், 79 காட்டக்கூடாது. புதிய கார்களின் மீட்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டுவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: வண்டியை வாங்கும்போதே யாரோ டிஃபரன்ஷியலை மாற்றியிருக்கிறார்கள். பழைய விகிதமும் தெரியாது, இப்போதைய விகிதமும் தெரியாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டுமா?

பிரிக்க வேண்டியதில்லை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டின் மேல் நிறுத்திவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் சுற்றிய எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் கிரவுன் வீலின் சுழற்சியை இரட்டிப்பாக்கி மற்றச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. அதனால்தான் 10-க்குப் பதில் 20 சுற்று. இரண்டு பின்சக்கரங்களும் வேறுவேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டட் ஸ்லிப் வகைக்கு இந்த வழி ஒத்துவராது.

கேள்வி: முள்ளைக் கழற்றி, ஆறு கி.மீ. முன்னே தள்ளி மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்கிறார் என் மெக்கானிக். சரியா?

சரியில்லை. முள்ளை ஆறு தள்ளினால் 80-இல் சரியாக இருக்கும்; வண்டி நிற்கும்போதும் ஆறு காட்டும்! உங்கள் பிழை கூட்டல் பிழை அன்று, பெருக்கல் பிழை. 40-இல் ஓடும்போது மூன்று குறையும், 80-இல் ஆறு குறையும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிழ்த்த அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அதையும் உடன் இழுக்கிறது. ஒரு மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதைப் பின்னே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடுதான் பெரும்பாலான பழைய கார்களில் இருக்கிறது. ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டருக்கோ இந்தக் காந்தத்தோடும் ஸ்பிரிங்கோடும் எந்தத் தொடர்பும் கிடையாது. அது நேராகக் கேபிளிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக ஓடுகிறது.

ஆகையால் ஸ்பிரிங்கையோ காந்தத்தையோ திருத்தி முள்ளைச் சரிசெய்தாலும், ஓடோமீட்டர் 100 கி.மீ.க்கு 92.7 என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வேலையில் சரிசெய்ய வேண்டுமானால், சுழற்சியை மீட்டருக்குள் நுழையும் முன்பே திருத்த வேண்டும். நான் மீட்டரைத் திறப்பதைக் கடைசி வழியாக வைத்திருப்பது இதனால்தான்.

கேள்வி: நான் டிஃபரன்ஷியல், ஐந்து கியர் பாக்ஸ், டயர் மூன்றையும் மாற்றிவிட்டேன். எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அளந்துவிடுங்கள். முதலில் மீட்டர் எத்தனை சுற்றை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். ஸ்மித்ஸ் மீட்டர்களின் டயலில் 1280 என்பதுபோல ஒரு சிறிய எண் அச்சிட்டிருக்கும். ஒரு மைலுக்கு இத்தனை கேபிள் சுற்று என்று பொருள். வி.டி.ஓ. மீட்டர்களில் டபிள்யூ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண், ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்றைக் குறிக்கும். அமெரிக்க வண்டிகளில் மைலுக்கு 1000 சுற்று என்பது பொதுவான வழக்கம்.

அடுத்து, வண்டி எத்தனை சுற்று கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கேபிளை மீட்டரின் பின்பக்கத்திலிருந்து கழற்றி, உள்கேபிளின் சதுர முனையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். அட்டையின் ஓரத்தில் எட்டுக் கோடுகள் போட்டுக்கொண்டால் அரைக்கால் சுற்றுவரை படிக்கலாம். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் குறியிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியை நேர்க்கோட்டில் தள்ளுங்கள். பின்சக்கரம் சரியாக 6 சுற்றுச் சுற்றும்வரை அட்டையை எண்ணுங்கள். வண்டி வளைந்தால் இரண்டு சக்கரங்களும் வேறுவேறு தூரம் ஓடிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

பின்பு சக்கரத்தின் நடுவிலிருந்து தரைவரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். கேபிள் சுற்றை 1680-ஆல் பெருக்கி இந்த அங்குலத்தால் வகுத்தால், மைலுக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். 1680 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக: ஒரு மைலில் 63,360 அங்குலம், ஆறு சுற்றில் வண்டி ஓடும் தூரம் ஆரத்தின் 37.7 மடங்கு, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறக்குறைய 1680.

கேபிள் எட்டேகால் சுற்றுச் சுற்றியது, ஆரம் 11.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 1205 வருகிறது. மீட்டர் கேட்பது 1280 என்றால், கேபிளை 1.062 மடங்கு வேகமாகச் சுழலச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் ஆகிய மூன்றின் பங்கும் இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது.

கேள்வி: திருத்துவதற்கு எந்த வழி நல்லது: கியர்பாக்ஸில் கேபிளைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரமா, கேபிளில் இடையே மாட்டி அதன் சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் விகிதப் பெட்டியா?

உங்கள் கியர்பாக்ஸுக்கு வேறு பல் எண்ணிக்கையில் பல்சக்கரம் கிடைக்குமானால் அதுவே நல்லது. கூடுதலாகத் தேயக்கூடிய பாகம் எதுவும் சேர்வதில்லை. மைலுக்கு 1000 சுற்று கேட்கும் வண்டிக்குக் கணக்கு எளிது. ஷாஃப்டில் இருக்கும் ஓட்டும் கியரின் பல், டிஃபரன்ஷியல் விகிதம், டயர் ஒரு மைலுக்குச் சுற்றும் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். ஓட்டும் கியர் 8 பல், விகிதம் 3.55, டயர் 800 சுற்று என்றால் கேபிளைச் சுழற்றும் பல்சக்கரத்துக்கு 22.72 பல் வருகிறது. முக்கால் பல் வெட்ட முடியாது என்பதால் 22 அல்லது 23. இருபத்துமூன்றில் மீட்டர் 1.2 சதவீதம் குறைத்துக் காட்டும், இருபத்திரண்டில் 3.3 சதவீதம் கூட்டிக் காட்டும். டயர் தேயத் தேய மீட்டர் கூட்டிக் காட்டும் என்பதால், தூரக் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பவர் 23-ஐ எடுக்கலாம். குறைத்துக் காட்டுவதை விரும்பாத நான் 22-ஐத்தான் எடுப்பேன்.

கிரைஸ்லர் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்சக்கரத்தைத் தாங்கும் உறை மையம் விலகியது. அதன்மேல் 32–38 என்பதுபோலப் பல் வரம்புகள் பொறித்திருக்கும். பல் எண்ணிக்கை மாறும்போது அதற்குரிய வரம்பு கீழே வருமாறு உறையைத் திருப்பி மாட்டாவிட்டால், பற்கள் சரியாகக் கவ்வாமல் புதிய சக்கரம் அரைபட்டுப் போகும்.

பல்சக்கரம் கிடைக்காதபோது விகிதப் பெட்டிதான். அதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சில பெட்டிகள் சுழலும் திசையை மாற்றிவிடும். அப்போது முள் பூஜ்ஜியத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது, எண்ணைத் தலைகீழாகச் சொல்லிவிடுவது. நானே ஒருமுறை 1.079 என்று கேட்க வேண்டிய இடத்தில் 0.927 என்று எழுதி அனுப்பிவிட்டேன். முன்பு 74 காட்டிய மீட்டர், அழகாக வேலை செய்த அந்தப் பெட்டியால் 69 காட்டியது. வெறும் விகிதத்தை எழுதாமல், “கேபிள் இப்போது 1205 சுற்று, மீட்டருக்கு வேண்டியது 1280” என்று வாக்கியமாகவே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் விகிதத்தை மாற்றினால்?

எதுவும் செய்ய வேண்டாம். அதன் கேபிள் இடது முன்சக்கரத்தின் மையத்திலிருந்து வருகிறது. முன் டயரின் அளவை மாற்றினால் மட்டும் கவலைப்படுங்கள்.

கேள்வி: ஓவர்டிரைவ் (இன்ஜினின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) போட்டு ஓட்டும்போது பிழை மாறுமா?

மாறாது. கேபிளுக்கான சுழற்சி ஓவர்டிரைவைத் தாண்டிய பிறகே எடுக்கப்படுகிறது. ஆனால் சாதாரணக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு ஓவர்டிரைவ் உள்ளதைப் போட்டிருந்தால், அதன் ஓட்டும் கியர் வேறாக இருக்கலாம். மேலே சொன்ன தள்ளும் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: பெட்டி மாட்டிய பிறகு வேகம் சரியாக இருக்கிறது, ஆனால் 40-க்குக் கீழே முள் ஆடிக்கொண்டே இருக்கிறது.

கேபிளைப் பாருங்கள். பெட்டி சேர்ந்ததால் கேபிளின் வழி மாறி, எங்கோ குறுகலாக வளைந்திருக்கும். வளைவின் ஆரம் 150 மி.மீ.க்குக் குறையக்கூடாது. உள்கேபிளை உருவி எடுத்து, இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்து ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, ஒரு முனையை விரல்களால் மெதுவாக உருட்டுங்கள். மறுமுனையும் அதே சீரில் உருண்டால் நல்ல கேபிள். தயங்கி நின்று, பிறகு துள்ளிக் குதித்தால் கேபிளில் மடிப்பு விழுந்திருக்கிறது. அதை நிமிர்த்த முயலாமல் மாற்றிவிடுங்கள். புதியதற்கு மெல்லிய கிரீஸ் பூசிச் செருகிவிட்டு, மீட்டர் பக்கத்தில் 20 செ.மீ. அளவுக்கு மீண்டும் வெளியே இழுத்துத் துடைத்துவிடுங்கள். அங்கே கிரீஸ் இருந்தால் அது மீட்டருக்குள் ஏறி, கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்துவிடும்.

கேள்வி: எல்லாம் முடிந்து ஓடோமீட்டர் 20 கி.மீ.க்குச் சரியாக 20 காட்டுகிறது. முள் மட்டும் இன்னும் 5 கி.மீ. குறைவாகக் காட்டுகிறது. பெட்டியை மாற்றலாமா?

மாற்றாதீர்கள். ஓடோமீட்டர் சரியாக எண்ணுகிறது என்றால் மீட்டருக்குச் சரியான சுழற்சி போய்ச் சேருகிறது. மீதி இருக்கும் பிழை காந்தம் வலுவிழந்ததாலோ ஹேர் ஸ்பிரிங்காலோ வந்தது. இனி மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான். கொடுக்கும் முன் ஒருமுறை, சாலையில் கிலோமீட்டர் கற்கள் உள்ள இடத்தில் முள்ளை 80-இல் நிலையாக வைத்து, பக்கத்தில் இருப்பவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான 80-க்கு ஒரு கி.மீ. 45 நொடியில் கடக்க வேண்டும். 3600-ஐ நீங்கள் எடுத்த நொடிகளால் வகுத்தால் உண்மை வேகம் தெரியும். இரண்டு மூன்று வேகங்களில் இப்படி எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதி மீட்டரோடு சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: மாரிஸ் மைனர்க்காரர் மீண்டும் கேட்கிறேன். பெட்டி மாட்டும் முன்பே 2000 கி.மீ. ஓட்டிவிட்டேன். ஓடோமீட்டரைத் திருத்தி வைக்கலாமா?

நீங்கள் உண்மையில் ஓட்டியது 2158 கி.மீ. எண்களைத் தொட வேண்டாம். டிஃபரன்ஷியல் மாற்றிய நாளும் அன்றைய எண்ணும், பெட்டி மாட்டிய நாளும் அன்றைய எண்ணும் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தால் போதும். அடுத்த ஆயில் மாற்றத்தை மட்டும் 158 கி.மீ. முன்னதாகச் செய்துவிடுங்கள்.