சர்ச்சை வேடம் போட்டவர்களுக்கு அடுத்த படம் என்ன ஆகிறது? – கேள்வி பதில்

சர்ச்சைக்குள்ளான வேடங்களில் நடித்தவர்களின் பிந்தைய வாய்ப்புகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சினிமா நிருபராக இருந்து, இப்போது நடிகர் தேர்வு வேலை பார்ப்பவன் என்பதால் இது எனக்குப் பிடித்த விஷயம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் ஊர் மட்டும் இருக்கிறது.

திருச்சி: சர்ச்சையான படத்தில் நடித்தால் கேரியரே காலி என்கிறார்களே, உண்மையா சார்?

அப்படிக் காலியானவர்கள் குறைவு. படம் ஓடினால் அடுத்த வாரமே அதே வேடத்தை லேசாக மாற்றி நாலு பேர் கதை சொல்ல வந்துவிடுவார்கள், கையில் அட்வான்ஸோடு. அதில் ரெண்டை ஒப்புக்கொண்டால் முத்திரை விழுந்தது என்று அர்த்தம். போஸ்டரில் சாணி அடிப்பதெல்லாம் ஒரு மாதக் கூத்து. முத்திரை பத்து வருஷம் நிற்கும்.

கும்பகோணம்: ‘அரங்கேற்றம்’ பிரமீளா நல்ல நடிகை. அந்தப் படம்தான் அவரைக் கெடுத்தது என்று என் அம்மா சொல்வார்.

அம்மா சொல்வதில் பாதி சரி. 1973-ல் வந்த கே. பாலசந்தர் படம் அது. ஏழைப் பிராமணக் குடும்பத்தின் மூத்த பெண் லலிதா, தம்பி தங்கைகளைக் கரையேற்ற வழி தெரியாமல் உடலை விற்கிறாள். அந்தப் பணத்தில் தலைநிமிர்ந்த வீடு, விஷயம் தெரிந்ததும் அவளையே ஒதுக்கித் தள்ளுகிறது. எதிர்ப்பு பலமாக இருந்தது, படமும் நன்றாக ஓடியது. மறுவருடமே ‘தங்கப்பதக்க’த்தில் சிவாஜி வீட்டு மருமகளாகக் கௌரவமான வேடம் செய்தார் பிரமீளா. ஆகவே கதவு சாத்தப்படவில்லை. ஆனால் தயாரிப்பாளர்கள் ‘அரங்கேற்ற’த்திலிருந்து எடுத்துக்கொண்டது லலிதாவின் துக்கத்தை அல்ல, துணிச்சலை மட்டும்தான். கவர்ச்சி வேடங்கள் வரிசை கட்டின. மலையாளத்துக்குப் போனார், அங்கேயும் அதே கதைதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1974-ல் அதே பாலசந்தர் ‘அவள் ஒரு தொடர்கதை’ எடுக்கிறார். அதிலும் குடும்பத்தையே சுமக்கும் பெண்தான். ஆனால் இவள் ஆபீஸ் போய்ச் சம்பளம் கொண்டுவருகிறாள். சுஜாதாவுக்கு அந்த ஒரு படத்தில் கிடைத்த மரியாதை, ‘அன்னக்கிளி’ தாண்டி, அம்மா வேடங்கள் வரைக்கும் கூடவே வந்தது. இயக்குநரும் ஒருவர், சுமையும் ஒன்று, சம்பாதித்த வழி மட்டும் வேறு. அதற்கான விலையை லலிதாவோடு சேர்த்து பிரமீளாவும் கொடுத்தார். பாலசந்தர் கொடுக்கவில்லை. ‘அரங்கேற்ற’த்தில் தம்பியாக நடித்த கமல்ஹாசனும் கொடுக்கவில்லை.

கோவை: அப்படியானால் ஆண்களுக்கு எதுவுமே ஆகாதா?

‘பராசக்தி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்கு வந்தது. கோயிலுக்குள் பூசாரியை வெட்டப் பாய்கிற கதாநாயகன். தடை செய்யச் சொல்லிக் கூச்சல் கிளம்பியது. புதுமுகம் சிவாஜியை அது ஒரே இரவில் தூக்கி நிறுத்தியது. 1965-ல் அதே மனிதர் ‘திருவிளையாட’லில் சிவபெருமானாகவே வந்தார், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! வசனத்துக்குத் திட்டு வந்தால் அது எழுதியவர் கணக்கில் போகும், கட்சி கணக்கில் போகும். உடம்பு சம்பந்தப்பட்ட திட்டு நடித்தவர் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பெண்களுக்குக் கிடைக்கும் ‘துணிச்சலான’ வேடங்களில் முக்காலும் இரண்டாவது ரகம்.

மதுரை: ‘அழகி’ தனலட்சுமியா நடிச்ச நந்திதா தாஸ்தான் ‘ஃபயர்’லயும் நடிச்சாங்கன்னு லேட்டாத்தான் தெரிஞ்சுது. இதெப்படி சார்?

உங்களுக்கு லேட்டாகத் தெரிந்ததுதான் பதில். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதலைச் சொன்ன ‘ஃபயர்’ ஓடிய திரையரங்குகளை 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் அடித்து நொறுக்கினார்கள். உடன் நடித்த ஷபனா ஆஸ்மியிடம் அப்போதே நான்கு தேசிய விருதுகள் இருந்தன, மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் இருந்தது. அவரை யாரும் அசைக்க முடியாது. நந்திதாவிடம் அந்தப் பாதுகாப்பு கிடையாது, கிட்டத்தட்ட புதுமுகம். ஆனால் இங்கே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 2002 பொங்கலுக்கு தங்கர் பச்சான் அவரைக் கிராமத்துப் பெண்ணாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஜனங்கள் தனலட்சுமியை மட்டும்தான் பார்த்தார்கள். அடுத்த மாதமே ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. பல மொழிச் சினிமா இருக்கிற நாட்டில் இது ஒரு பெரிய வசதி. ஒரு மொழியில் விழுந்த முத்திரை அடுத்த மொழியில் செல்லாது. (பிரமீளாவுக்கு ஏன் செல்லுபடியானது என்று கேட்பீர்கள். ‘அரங்கேற்றம்’ சென்னையில் எடுத்த படம். அன்றைக்கு மலையாளப் படங்களும் பெரும்பாலும் கோடம்பாக்கத்தில்தான் எடுக்கப்பட்டன. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.)

புதுச்சேரி: ‘பாண்டிட் குவீன்’ சீமா பிஸ்வாஸ் ஏன் பெரிய கதாநாயகி ஆகவில்லை?

கொள்ளைக்காரி பூலான் தேவியாக நடித்ததற்கு தேசிய விருது கிடைத்தது. படத்தைத் தடை செய்யச் சொன்ன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் படம் தப்பியது. அதே 1996-ல் ‘காமோஷி’யில் மனீஷா கொய்ராலாவுக்கு அம்மாவாக நடிக்கிறார் சீமா. இருவருக்கும் வயது வித்தியாசம் ஐந்துதான்! இது சர்ச்சையால் வந்ததா, இந்தி சினிமாவின் நிறம், முக அளவுகோலால் வந்ததா என்றால் இரண்டாவது என்பேன். நாடகப் பள்ளியில் பயின்றவர் என்பதால் எந்த வேடத்திலும் நின்றார். நம் ‘இயற்கை’யில்கூட இருக்கிறார், பாருங்கள்.

யாழ்ப்பாணம்: ‘ஃபேமிலி மேன்’ ரெண்டாவது சீசனில ராஜியா நடிச்ச சமந்தாவுக்கு எதிரா எவ்வளவு கத்தினம். ஒண்டும் நடக்கேல்லையே, ஏன் அண்ணா?

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. போராளிகளைக் காட்டிய விதம் ஒரு பக்கம், ஈழத்துப் பெண் என்றால் முகத்தில் கறுப்புப் பூச வேண்டும் என்று நினைத்தது இன்னொரு பக்கம். அந்த மேக்கப்பை என்னாலும் ஏற்க முடியவில்லை. 2021 மே மாதம் தொடரைத் தடுக்கச் சொல்லித் தமிழ்நாடு அரசே மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. ஜூனில் தொடர் வெளியானது. டிசம்பரில் சமந்தா ஆடிய ‘புஷ்பா’ பாட்டு நாடு முழுக்கப் பரவியது. 2022 ஏப்ரலில் ‘காத்துவாக்குல ரெண்டு காதல்’ இங்கேயே தியேட்டருக்கு வந்தது. அதே இயக்குநர்கள் 2024-ல் ‘சிட்டாடல்’ கொடுத்தார்கள். ஓடிடியில் விநியோகஸ்தர் கிடையாது, படப்பெட்டியை மறிக்க ஆளும் கிடையாது. அடி விழ வேண்டிய இடம் டிக்கெட் கவுன்டர். அது இல்லாத இடத்தில் எதிர்ப்பு விளம்பரமாகவே மாறிப்போகும்.

டொரன்டோ: அப்ப ‘800’ல இருந்து விஜய் சேதுபதி விலகினது பயத்திலயோ?

இலங்கைக் கிரிக்கெட் வீரர் முரளிதரனின் வாழ்க்கைப் படம் அது. எதிர்ப்பு வலுத்ததும் 2020 அக்டோபரில் முரளிதரனே விலகிக்கொள்ளும்படி கேட்டுக் கடிதம் எழுதினார், விஜய் சேதுபதி அதை வெளியிட்டு ‘நன்றி வணக்கம்’ என்று முடித்துக்கொண்டார். பயமோ கணக்கோ, தமிழ் தியேட்டரை நம்பியிருக்கிற நடிகர் எடுக்கக்கூடிய முடிவு. 2023-ல் மதுர் மிட்டல் நடித்து அந்தப் படம் வந்தது. இவர் ‘விக்ரம்’, ‘ஜவான்’, ‘மகாராஜா’ என்று போய்க்கொண்டிருந்தார்.

சிவகாசி: சில்க் ஸ்மிதா?

‘வண்டிச்சக்கர’த்தில் அவர் சாராயக்கடைப் பெண். அந்த வேடத்தின் பெயர்தான் சில்க். பெயரோடு வேடமும் ஒட்டிக்கொண்டது. ‘அலைகள் ஓய்வதில்லை’யில் எவ்வளவு அமைதியாக நடித்திருக்கிறார் என்று யாரும் பேசுவதே இல்லை.

தூத்துக்குடி: வடிவேலுவை மறந்துட்டீங்களே?

அது வேடத்தால் வந்த வினை இல்லை தம்பி, 2011 தேர்தல் மேடையில் விஜயகாந்தைத் தாக்கிப் பேசியதால் வந்தது. வேறு கணக்கு.

சென்னை: குறும்படங்களில் நடிப்பவள். ஒரு வெப் சீரிஸில் நெருக்கமான காட்சிகள் உள்ள வேடம் வந்திருக்கிறது, கதை நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா சார்?

கதை பிடித்திருந்தால் செய்யம்மா. ஆனால் வாய்வார்த்தையை நம்பாதே. பாரிஸில் 1972-ல் ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ படத்தில் மரியா ஷ்னைடர் என்ற 19 வயது நடிகையிடம், ஒரு காட்சியில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முழுதாகச் சொல்லாமலே எடுத்தார் இயக்குநர் பெர்டொலூச்சி. பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அந்தக் காட்சியைப் பற்றியே கேள்வி கேட்கப்பட்டார். அதன்பிறகு நிர்வாணக் காட்சிகளே வேண்டாம் என்றிருந்தார்.

முழு ஸ்கிரிப்டை வாங்கிப் படி. திரையில் என்னென்ன தெரியும், எதுவரை தெரியும் என்று காட்சிவாரியாக எழுத்தில் இருக்க வேண்டும். இன்டிமசி கோ-ஆர்டினேட்டர் (நெருக்கமான காட்சிகளை நடிப்பவர் சம்மதத்தோடு எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்பவர்) இருக்கிறாரா என்று கேள். டிரெய்லர், போஸ்டர், ரீல்ஸில் அந்தக் காட்சிகளைப் பயன்படுத்த உன் சம்மதம் வேண்டும் என்பதைச் சேர்க்கச் சொல். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். தொடரை யாரும் பார்ப்பதில்லை, 15 செகண்ட் துண்டைத்தான் ஊரே பார்க்கிறது. இன்னொன்று, தொடர் வெளியாவதற்கு முன்பே முற்றிலும் வேறு மாதிரி ஒரு வேடத்தில், சம்பளம் குறைவானாலும், கையெழுத்துப் போட்டு வை. வெளியான பிறகு வரும் முதல் நாலு அழைப்புகள் எப்படி இருக்கும் என்று மேலே திருச்சிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சென்னை (அதே வாசகி): நன்றி சார். டிரெய்லர் விஷயம் கேட்டால் ‘புதுமுகம் இவ்வளவு பேசுதா’ என்று வேறு ஆளைப் போட்டுவிட மாட்டார்களா?

போடலாம். நான் வேலை பார்த்த ஒரு தயாரிப்பில் அப்படி நடந்தும் இருக்கிறது. பேப்பரில் எழுதித்தர மறுக்கிறவர், ரிலீஸ் வாரத்தில் நீ போன் பண்ணினால் எடுப்பார் என்று நினைக்கிறாயா?