மருத்துவத்துறைக்கான செயற்கை நுண்ணறிவுப் போட்டியில் மகள் சேரலாமா? ஒரு தாயாரின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மருத்துவத்துறைக்கான செயற்கை நுண்ணறிவுப் போட்டி ஒன்றில் சேர விரும்புகிறார் என்றும், அதில் நேரம் போய் அரியர் விழுந்துவிடுமோ, கேம்பஸ் தேர்வில் வாய்ப்பு தவறிவிடுமோ என்றும் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். சேரட்டும் என்பதே என் பதில். பரிசுத் தொகையையோ சான்றிதழையோ எண்ணிச் சேர வேண்டாம். ஒரு மருத்துவமனையில் வேலை எப்படி நடக்கிறது என்பதை, மருத்துவம் படிக்காத ஒரு மாணவி அருகிலிருந்து கற்றுக்கொள்ள இதைப் போன்ற வாய்ப்பு எளிதில் அமைவதில்லை என்பதால் சேரட்டும். எந்தப் போட்டியில், எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தக் கல்வி கிடைக்கும்.

இவற்றில் பொதுவாக இரண்டு வகை உண்டு. கேகிள் போன்ற இணையத்தளங்களில் நடப்பவை முதல் வகை: தரவை அவர்களே தருவார்கள், போட்டியாளர் எழுதும் நிரலின் கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கிடைக்கும். 2017 முதல் மத்திய அரசு நடத்திவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இரண்டாம் வகை: அமைச்சகங்களும் நிறுவனங்களும் தங்கள் சிக்கல்களை வெளியிடும், மாணவர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்வைச் செய்துகாட்ட வேண்டும், மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் தொடர்ந்து நடக்கும். முதல் வகையில் கணிதமும் நிரலாக்கமும் கூர்மையாகும், இரண்டாம் வகையில் ஒரு துறையின் தேவையைக் கேட்டறியும் பழக்கம் வரும். மருத்துவத்துறையில் நிலைக்க விரும்புகிறவருக்கு இரண்டுமே வேண்டும்.

மதுரைக்கு நேரடித் தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீரிழிவு நோய் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கக்கூடியது. காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் விழித்திரைப் படத்தைப் படித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற மருத்துவர் தேவை, அத்தகையவர்கள் கிராமங்களில் கிடைப்பது அரிது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தொழில்நுட்பப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று எடுத்துவந்த விழித்திரைப் படங்களை வைத்து, 2019ஆம் ஆண்டு கேகிள் தளத்தில் ஒரு போட்டி நடந்தது. ஒவ்வொரு படத்திலும் நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதை 0 (நோய் இல்லை) முதல் 4 (நோய் முற்றியது) வரையிலான ஐந்து நிலைகளில் நிரல் கணித்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்காகத் தரப்பட்டவை 3,662 படங்கள். அவற்றில் 1,805 படங்களில் நோயே இல்லை, கடுமையான நிலை (நிலை 3) என்று குறிக்கப்பட்டவை வெறும் 193. எல்லாப் படத்தையும் பார்த்து "நோய் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரல்கூட ஏறக்குறைய பாதி சரியாகச் சொல்லியிருக்கும். ஆனால் பார்வை போகப்போகிற ஒருவரைக்கூட அது கண்டுபிடித்திருக்காது. ஆகவே அந்தப் போட்டியில் சரி, தவறு என்று மட்டும் எண்ணாமல், தவறு எவ்வளவு தூரம் விலகியது என்பதற்கு ஏற்பத் தண்டனை கூடும்படி மதிப்பெண் முறையை அமைத்திருந்தார்கள்: ஒரு நிலை பிசகினால் 1 என்றால், நோய் முற்றிய கண்ணை நோயற்றது என்று நான்கு நிலை தள்ளிச் சொன்னால் 16. நோயின் நிலையைச் சற்றே பிசகிச் சொல்வதும், முற்றிய நோயை அடியோடு தவறவிடுவதும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல என்பதை வகுப்பறைப் பாடத்தைவிட இத்தகைய ஒரு கணக்கு நன்றாகப் புரியவைக்கும்.

இதே நோய்க்காகக் கூகுள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக் கருவியின் கதையையும் உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தபோது, நோயைக் கண்டறிவதில் அதன் துல்லியம் பெரிதும் பேசப்பட்டது. பின்னர் தாய்லாந்தின் 11 மருத்துவ மையங்களில் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தபோது வேறு சிக்கல்கள் தலைகாட்டின. செவிலியர்கள் எடுத்த படங்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டைப் போதிய தெளிவில்லை என்று கருவி ஏற்க மறுத்தது. பல மையங்களில் படம் எடுக்கும் அறையை இருட்டாக்க வசதி இல்லை. இணைய வேகம் குறைந்த இடங்களில் படம் ஏறுவதற்குள் வரிசை நீண்டது. படம் ஏற்கப்படாத நோயாளி, தனக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. 2020இல் வெளியான இந்தக் கள ஆய்வைப் படித்துவிட்டுப் போட்டிக்குப் போகும் மாணவி, "எங்கள் நிரலின் துல்லியம் இத்தனை விழுக்காடு" என்பதோடு நிறுத்தாமல், மின்சாரம் போனால் என்ன ஆகும், படத்தை எடுப்பவர் யார், முடிவை நோயாளியிடம் சொல்பவர் யார் என்ற கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பார். நடுவர்களாக வரும் மருத்துவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

சிக்கலைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கண்ணோட்டம் உதவும். மார்பு எக்ஸ்-ரே படத்தில் கோவிட் கண்டறியும் நிரல்களைக் கொரோனாக் காலத்தில் பலரும் எழுதினார்கள். அவற்றுள் சிலவற்றில் நோயுள்ளவர்கள் பெரியவர்களாகவும் நோயற்றவர்கள் குழந்தைகளாகவும் அமைந்துவிட, நிரல் நோயைக் கற்காமல் வயதைக் கற்றுக்கொண்டது. 2021இல் இத்துறையின் 62 ஆய்வுகளை அலசிய ஒரு குழு, அவற்றில் ஒன்றுகூட மருத்துவமனைப் பயன்பாட்டிற்கு ஏற்றதல்ல என்று முடிவு கூறியது. எல்லோரும் எடுக்கும் சிக்கலைவிட, கண்ணெதிரே இருக்கும் சிறிய சிக்கல் மேல். வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நம் மாநிலத்தில் நடக்கிறது. மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவோர் யார் என்பதை முன்கூட்டிக் கணிப்பது நல்ல கேள்வி. ஒன்றை இங்கே இடையில் சொல்லிவிடுகிறேன்: 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், உயரமும் எடையும், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைக் கொண்டே ஆபத்தான நிலையில் உள்ள நோயாளிகளைப் பிரித்தெடுத்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். இதற்குச் செயற்கை நுண்ணறிவே தேவைப்படவில்லை. எங்கே அது தேவையில்லை என்று சொல்லத் தெரிந்த பொறியாளரை மருத்துவர்கள் மதிப்பார்கள்.

குழுவைப் பற்றி: ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஒரே கல்லூரியைச் சேர்ந்த ஆறு பேர் குழுவாகச் சேர வேண்டும், அவர்களில் ஒரு பெண்ணாவது இருப்பது கட்டாயம். பெயரளவுக்குச் சேர்க்கப்பட்டு, இறுதியில் விளக்கப்படம் தயாரிக்கும் வேலை மட்டும் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் மகளின் பொறுப்பு. தன் பங்கு எது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடட்டும். பொறியியல் கல்லூரிக் குழுவில் மருத்துவ மாணவர் இருக்க வாய்ப்பில்லை என்பதால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் அனுமதி பெற்று, செவிலியரிடமும் ஆய்வக நுட்பநரிடமும் அவர்களுக்கு ஓய்வான நேரத்தில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் உறவினரிடம் கேட்டு, நோயாளிகளின் ஸ்கேன் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிவரக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட மருத்துவச் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளும் நோயாளியின் ஒப்புதலை முதன்மையாக வைக்கின்றன. பொதுவெளியில் முறையாக வெளியிடப்பட்ட தரவே ஒரு மாணவிக்குப் போதுமானது.

அரியர் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. போட்டிக்குப் போகும் நாள்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும், வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது, ஏற்கெனவே அரியர் இருந்தால் அதை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஒரே ஆண்டில் ஒரு போட்டிக்கு மேல் வேண்டாம். பங்கேற்கவும் சான்றிதழுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் "சர்வதேச" போட்டிகளை அடியோடு தவிர்த்துவிடுங்கள். அரசு ஹேக்கத்தானுக்குப் பங்கேற்புக் கட்டணம் கிடையாது.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டியில் வென்றதற்காக மட்டும் யாரும் வேலை தருவதில்லை. ஆனால் மருத்துவ மென்பொருளும் இந்தியாவில் மருத்துவக் கருவியாகவே கருதப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்து அவற்றை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. ஆகவே நிரல் எழுதுவோரைத் தவிர, அதைச் சோதித்துச் சான்று திரட்டுவோர், உரிமத்திற்கான ஆவணங்களைத் தயாரிப்போர், மருத்துவத் தரவை ஒழுங்குபடுத்துவோர் எனப் பல வேலைகள் இத்துறையில் உண்டு. மேற்படிப்பில் ஆர்வம் இருந்தால், வேலூர் சி.எம்.சி.யின் உயிரிப் புள்ளியியல் முதுநிலைப் படிப்பையும், ஐ.ஐ.டி. மெட்ராஸ், சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் என்ஜினியரிங் எம்.டெக். படிப்பையும், அவற்றின் தகுதி விதிகளைச் சரிபார்த்துக்கொண்டு, பரிசீலிக்கலாம்.

போட்டி முடிந்த பிறகு அவருடைய ரெஸ்யூமில் "பங்கேற்றார்" என்ற சொல் மட்டும் இருந்தால் அதனால் பயனில்லை. எந்தச் சிக்கல், யாரிடம் கேட்டறிந்தோம், எந்தத் தரவு, எந்த இடத்தில் எங்கள் நிரல் தவறியது என்று நான்கைந்து வரிகளில் அவரே எழுதட்டும். நேர்முகத் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் வரும்.