காலாடிப்பேட்டையும் தி.நகரும்

அன்புள்ள ஐயா,

நம் முன்னோர் மரம், குளம், குன்று என்று பார்த்துத்தான் ஊருக்குப் பெயர் வைத்தார்கள். ஆட்களின் பெயரைச் சூட்டுவது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். பெயரை மாற்றிப் பலகை எழுதுவதும் வீண் செலவு. இனி எந்த ஊருக்கும் மனிதர் பெயர் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன?

ரா., தி.நகர்

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது கடைசி வரியில், ‘தி.நகர்’ என்று நீங்கள் சுருக்கி எழுதிய இடத்தில்தான். போன வாரம் பெரியப்பாவின் திதிக்குத் திருவொற்றியூர் பக்கம் எங்கள் காலாடிப்பேட்டை போய் வந்ததிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன்.

பலகைச் செலவை விடுங்கள், அதெல்லாம் ஒரு வாதமா? வெள்ளைக்காரன் பழக்கம் என்பதும் தப்பு. நாகப்பட்டினம் பக்கம் செம்பியன்மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. கண்டராதித்த சோழரின் தேவி, ராஜராஜனுக்குப் பாட்டி முறை. ஆயிரம் வருஷம் கழித்தும் ஊர் அந்த அம்மாள் பெயரில்தான் இருக்கிறது. 2004-லிருந்து நம் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் வீராணம்? முதலாம் பராந்தகனுக்கு வீரநாராயணன் என்று பட்டம். வீரநாராயணன் ஏரி ஜனங்கள் வாயில் தேய்ந்து வீராணம் ஆயிற்று.

வாயில் தேய்வது வேறு, எழுத்தில் வெட்டுவது வேறு.

நான் வளர்ந்தது பெரியப்பா வீட்டில். கல்லூரியில் யாராவது ஊர் எது என்று கேட்டால் திருவொற்றியூர் என்பேன். காலாடி என்றால் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவன் அல்லவா, கூச்சம். ஒருநாள் நண்பனிடம் அப்படிச் சொன்னது பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. அவர் திட்டவில்லை. முன்கட்டில் தாத்தாவின் தறிக்குழி இருந்தது. தறி எப்போதோ போய்விட்டது. குழியைப் பலகையால் மூடி மேலே தையல் மெஷின் போட்டிருந்தார்கள். மெஷினை நகர்த்தி, பலகையை எடுத்து, என்னைக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார். உள்ளே சில்லென்று ஈரமண் வாடை.

“இதுல உக்காந்து கால் மிதிச்சுப் பொழைச்ச குடும்பம்டா நாம. காலட் துரை நெசவாளிங்களைக் குடிவச்ச பேட்டை இது. அவன் பேருதான்டா அது.”

1717-லிருந்து 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலட். அவர் பெயர் உருத்தெரியாமல் தேய்ந்துவிட்டதுதான். ஆனாலும் ‘ஏன் காலாடி?’ என்று கேட்க ஒரு சொல் மிச்சம் இருந்தது. கேட்டால் சொல்ல ஒரு பெரியப்பா இருந்தார்.

‘தி’ என்ற எழுத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை என்ன கேட்கும்? 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய அந்த நகருக்கு யார் பெயரை வைத்தார்கள், ரா.? பிட்டி தியாகராயர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, வடசென்னையில் கைத்தறி ஆலை நடத்தி, மாநகராட்சித் தலைவரானவர். 1920-இல் முதன்மந்திரிப் பதவி வீடு தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். அப்பேர்ப்பட்ட மனிதரை ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக்கிவிட்டோம். வியாசர்பாடிப் பக்கம் மகாகவி பாரதி நகர் இருக்கிறது. போய் யாரையாவது கேளுங்கள், எம்.கே.பி. நகர் என்றுதான் வழி சொல்வார்கள். பாரதிக்கு இங்கிலீஷ் எழுத்தில் இனிஷியல்! எனக்கு வயிறு எரிகிறது. பெயர் வைத்தவர்கள் பேரில் குறையில்லை. முழுசாகச் சொல்ல நமக்கு நாக்கு வணங்கவில்லை. படித்தவர்கள், நாம்தான் இதை ஆரம்பித்து வைத்தோம். கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை, எங்கும் இதே கதி.

திதிக்கு மெட்ரோவில்தான் போனேன். அந்தத் தடத்தில் ‘சர் தியாகராயா கல்லூரி’ என்று ஒரு நிறுத்தம் வருகிறது, முழுப் பெயரோடு. நாலு நிறுத்தம் தள்ளிக் காலாடிப்பேட்டை. ஒலிபெருக்கியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சட்டம் கேட்டீர்கள். வேண்டாம். அடுத்த கடிதத்தில் தியாகராய நகர் என்று எழுதுங்கள், போதும்.

அன்புடன்.