சிறுநீரக மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஒருவரே இருக்க முடியுமா?

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகள் நோயாளிகளையும் பார்க்க வேண்டும், ஆய்வுக்கூடத்திலும் இருக்க வேண்டும் என்கிறாளே, சிங்கப்பூரில் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடக்கும்.

சிறுநீரகத்தில் இந்த இரட்டை வேலைக்குத் தனி அர்த்தமே உண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகச் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள், உள்ளன. இவை கருவிலேயே, ஏறக்குறைய 36-வது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. அப்புறம் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு நெஃப்ரான்கள் குறைவாக இருக்கலாம். பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, ஐம்பது வயது நோயாளியின் கதை சில சமயம் கருவறையிலேயே தொடங்கியிருக்கும். கரு வளர்ச்சியைப் படித்த மருத்துவருக்கு அது சட்டென்று புலப்படும். 2015-க்குப் பிறகு ஸ்டெம் செல்களிலிருந்து, அதாவது பலவகைத் திசுக்களாக மாறக்கூடிய மூல உயிரணுக்களிலிருந்து, குட்டிச் சிறுநீரகத் திசுக்களை வளர்த்தும் மரபணுக் கோளாறுகளை ஆராய்கிறார்கள்.

இங்கே நீரிழிவுதான் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம். நம் குடும்பங்களிலும் டயாலிசிஸ் அறிமுகமான சொல்லாகிவிட்டது. அதனால் இந்த ஆசையை நான் மனதார வரவேற்கிறேன்.

சரி, பாதை? டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் முதல் பட்டத்துக்குப் பிறகுதான் சேர முடியும். மருத்துவப் பட்டத்தோடு முனைவர் பட்டமும் சேர்த்துப் படிக்கலாம். பிறகு உள்மருத்துவம், சிறுநீரகவியல் பயிற்சி. நீண்ட காலம்தான். முதல் பட்டத்துக்கு உயிரியல் எடுத்து, விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து பார்க்கட்டும்.