சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் ஆறு மாதத்தில் வேலையில் சேர வேண்டும். வீட்டுப் பூனையையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா? அந்த வெக்கையை அது தாங்குமா?

தாராளமாகக் கூட்டி வரலாம். நானும் தாம்பரத்தில் வளர்ந்த என் பூனை அம்முவோடுதான் இங்கே வந்தேன். "பூனைதானே, யாரிடமாவது விட்டுட்டுப் போ" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வெக்கையைப் பற்றிக் கவலையே வேண்டாம். சென்னையின் கத்திரி வெயிலில் 40 டிகிரியைப் பார்த்த பூனைக்குச் சிங்கப்பூரின் 32, 33 டிகிரி ஒரு பொருட்டில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது காகித வேலைக்கும் அதற்கு ஆகும் காலத்துக்கும்தான். 1953-க்குப் பிறகு சிங்கப்பூரில் ரேபிஸ் என்ற வெறிநோய் இல்லை. இந்தியாவில் இன்னும் இருக்கிறது. அதனால் நம்மூரிலிருந்து வரும் பூனை குறைந்தது 30 நாள் அரசின் தனிமைப்படுத்தும் மையத்தில் இருந்தாக வேண்டும்.

எதை முதலில் செய்வது என்பது ரொம்ப முக்கியம். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அடுத்து ரேபிஸ் ஊசி, உரிய இடைவெளி விட்டு ரத்தப் பரிசோதனை. சிப் இல்லாத பூனைக்கு ஊசி போட்டால், அந்த ஊசி இந்தப் பூனைக்குத்தான் போட்டது என்று காட்ட வழியில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பு அளவு மில்லிக்கு 0.5 ஐயூவாவது (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். பரிசோதனையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும். பிறகு சிங்கப்பூரின் இறக்குமதி உரிமம், தனிமை மையத்தில் இடம், இந்தியப் பக்கம் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் துறை தரும் சான்றிதழ். மையத்தில் இடம் உறுதியான பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.

பயணக் கூண்டை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். நடுக்கூடத்தில் கதவைத் திறந்து வைத்து, சாப்பாட்டுக் கிண்ணத்தை அதற்குள் வையுங்கள். அம்மு முதலில் முன்னங்காலை மட்டும் உள்ளே நீட்டி மீனை இழுத்து வெளியே வைத்துத் தின்றாள். கொஞ்ச நாளில் அதுவே அவள் மதியத் தூக்கத்துக்கான இடமாகிவிட்டது. அவள் படுத்துப் படுத்து முடி அப்பிய பழைய லுங்கியைத் துவைக்காமல் அப்படியே உள்ளே விரித்து அனுப்பினேன். பயணத்துக்கு மயக்க மருந்து கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பறக்கும்போது மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து. உங்களுடையது பெர்சியன் மாதிரி மூக்குச் சப்பையான பூனை என்றால் பல விமான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தனிமை மையத்தில் அனுமதித்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம். கட்டாயம் போங்கள். முதல் தடவை அம்மு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொண்டே இருந்தேன், காது மட்டும் என் பக்கம் திரும்பியது. அது போதுமாக இருந்தது.

அடுத்தது வீடு. இங்கே பெரும்பாலோர் வசிக்கும் எச்டிபி என்ற அரசு வீட்டுவசதி வாரியத்தின் அடுக்குமாடிகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல்தான் அனுமதி. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமமும் எடுக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! வாயால் சரி என்றால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பூனை வருவதற்கு முன்பே எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவிடுங்கள். பத்தாவது மாடியில் புறாவைப் பார்த்துப் பாயும் பூனைக்கு உயரம் தெரியாது.

சூட்டை விட இங்கே தொல்லை ஈரப்பதம்தான். குளிர்காலமே இல்லாததால் தெள்ளுப்பூச்சிக்கு ஓய்வே கிடையாது. தோலில் படர்தாமரையும் எளிதில் வரும். தெள்ளுக்கு நாய் மருந்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது, பூனைக்கு அது விஷம், உயிரே போய்விடும். வெயில் நேரத்தில் பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆறு மாதத்தில் வேலையில் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது தொடங்கினால் சரியாக இருக்கும். இந்த வாரமே சிப் போட்டுவிடுங்கள்.