ஆங்கில ஃபிரேசல் வெர்ப்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. 'கிவ் அப்' எப்படிக் கைவிடுதல் ஆகிறது?

பதில்: இரண்டையும் தனித்தனியே பெயர்த்துக் கூட்டினால் பொருள் கிடைக்காது. வினையும் அதைத் தொடரும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பதையே ஃபிரேசல் வெர்ப் என்கிறோம். 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்னும்போது, 'கொள்' சேர்ந்ததால் 'பார்' என்பது பராமரிப்பைக் குறிப்பதை நாம் யோசிக்காமலே அறிகிறோம். ஆங்கிலத்தில் 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேர்ந்து அதே பொருளைத் தருகிறது. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழியினருக்குப் பெரும் இடர் தருவது இவ்வகைச் சேர்க்கையே என்று அதன் முன்னுரையில் எழுதினார். ஆகவே, தடுமாறுவதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: பலவற்றை அப்படியே அறிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆயினும் சிறுசொற்களின் போக்கைக் கவனித்தால் சுமை குறையும். 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' ஆகியவற்றில் 'அப்' மேலே என்ற பொருளில் வரவில்லை. மிச்சமின்றி முடிப்பதைக் காட்டுகிறது. 'குடித்துவிடு' என்பதில் 'விடு' செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். 'கேரி ஆன்', 'கீப் ஆன்' இரண்டிலும் 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டுகிறது. அகரவரிசைப் பட்டியலை உருப்போடுவதைவிட, இவ்வாறு சிறுசொல்லை வைத்துத் தொகுத்துப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: 'டர்ன் ஆஃப் த லைட்' சரியென்றால், 'டர்ன் ஆஃப் இட்' ஏன் தவறு?

பதில்: 'டர்ன் ஆஃப்' பிரியக்கூடிய வகை. பெயர்ச்சொல்லானால் பின்னாலும் வரலாம், 'டர்ன் த லைட் ஆஃப்' என நடுவிலும் வரலாம். 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்களோ நடுவில்தான் வர வேண்டும் என்பதால் 'டர்ன் இட் ஆஃப்' என்பதே சரி. 'லுக் ஆஃப்டர்' பிரியாது. அங்கே 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் எழுத வேண்டும். குறிப்பேட்டில் எழுதும்போதே 'டர்ன் சம்திங் ஆஃப்', 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று இடத்தோடு எழுதிவைத்தால், விதியை நினைவுகூராமலே வாக்கியம் சரியாக வரும்.

கேள்வி: அலுவலகக் கடிதத்தில் இவற்றை எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். 'புட் ஆஃப்' என்பதைவிட 'போஸ்ட்போன்' முறையான தொனி உடையது. ஆனால் 'கேரி அவுட்' (நிறைவேற்று), 'செட் அப்' (அமை) போன்றவை அறிக்கைகளிலும் இயல்பாக வருகின்றன. 'புட் ஆஃப்' ஒத்திவைப்பு, 'கால் ஆஃப்' ரத்து என்ற வேறுபாட்டில் மட்டும் மிகுந்த கவனம் தேவை.

கேள்வி: 'கோப் அப் வித்' சரியா?

பதில்: இல்லை, சமாளி என்ற பொருளில் 'கோப் வித்' என்பதே சரி. 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்), 'கீப் அப் வித்' (ஈடுகொடு) ஆகியவற்றின் சாயலில் 'அப்' நுழைந்திருக்கலாம்.