சூரன் உடுப்பில் இராவணனா?

கேள்வி: ஐயா, நான் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்காகச் சூரபன்மனைப் பற்றி ஒரு கூத்து எழுதினேன். ஆறு மாத உழைப்பு. கொப்பியை வாசித்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார், “தம்பி, நீ இராவணனுக்குச் சூரன்ரை உடுப்பைப் போட்டு விட்டிருக்கிறாய்” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். முருகனோடு பொருத முதற் போரில் தோற்ற சூரன், மனைவி பதுமகோமளை தன்னைப் பார்த்துச் சிரிப்பாளோ என்று நாணித் தலைகுனிந்து நகருக்குள் வரும் காட்சியையே அவர் விரலால் தொட்டுக் காட்டினார். என் நண்பர்களோ, சூரனே இராவணனைப் பார்த்துச் செய்யப்பட்டவன், யார் எழுதினாலும் அப்படித்தான் வரும் என்கிறார்கள். சூரன் இராவணனின் போலியா, அவனைக் கடந்தவனா? நான் எழுதியதைக் கிழித்துப் போடுவதா, திருத்துவதா?
(ஒரு வாசகர், வடமராட்சி)

பதில்: அன்புள்ள தம்பி, கிழித்துப் போட வேண்டாம். உமது கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உமது சூரன் இராவணனின் போலியா என்பது ஒன்று. கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியாரின் சூரன் இராவணனின் போலியா என்பது மற்றது. முதலாவதில் அண்ணாவியார் சொன்னது சரி. இரண்டாவதில் உமது நண்பர்கள் சொல்வது பிழை. சூரன் நம் கோயில் வீதிகளில் ஆண்டுதோறும் வந்து நிற்பவன், அவன் கதை நமக்கு வழிபாட்டோடு சேர்ந்தது. ஆயினும் நீர் கேட்டது எழுத்தைப் பற்றியதாகையால் அவனைக் காவியப் பாத்திரமாகவே வைத்துப் பேசுகிறேன்.

நண்பர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். இராவணனுக்கு மூக்கறுபட்ட தங்கை சூர்ப்பணகை என்றால் சூரனுக்குக் கையறுபட்ட தங்கை அசமுகி; அங்கே கடல் தாண்டித் தூது வருபவன் அனுமன் என்றால் இங்கே வீரவாகு தேவர்; அங்கே தவற்றை எடுத்துச் சொல்லியும் அண்ணனுக்காகவே உயிர்கொடுக்கும் கும்பகருணன் என்றால் இங்கே சிங்கமுகன்; அங்கே மாயப்போர் வல்ல மகன் இந்திரசித்து என்றால் இங்கே பானுகோபன். தன் உடம்பையே வேள்வித் தீயில் இட்டு வரம் பெற்றதும் இருவருக்கும் பொது. கச்சியப்பர் கம்பருக்குப் பின் வந்தவர் என்றே பெரும்பாலோர் கொள்வர். ஆகவே இராமாயணத்தின் தடம் கந்தபுராணத்தில் பதிந்திருக்கிறது என்பதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் யாருக்கு யார் முந்தியவர் என்பதை உமது நண்பர்கள் நினைப்பது போல அவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட முடியாது. கச்சியப்பருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, திருமுருகாற்றுப்படையில், முருகன் ‘சூர்முதல் தடிந்த’வனாகவும் ‘மாமுதல் தடிந்த’வனாகவும், அதாவது சூரையும் மாமரத்தையும் வெட்டியவனாக, பாடப்படுகிறான். கடலின் நடுவே தலைகீழாய் நின்ற மாமரமாகிய சூர், தங்கை, தூது, தம்பி, மகன் என்ற இந்தக் குடும்பக் கதையெல்லாம் தன்மீது வந்து ஏறுவதற்கு முன்னரே தமிழில் இருக்கிறது. மரம் அவனுடைய சொந்தச் சொத்து. மற்றவை பின்னர் வந்து சேர்ந்தவை. அண்ணாவியார் சொன்ன ‘உடுப்பு’ என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்பதை இங்கே கவனியும். உடுப்பு இரவலாக இருக்கலாம். உள்ளே இருப்பவன் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கதையின் நடுப்பகுதியில் சூரனைவிட இராவணனே பெரிய படைப்பு என்பது என் எண்ணம். கம்பன் இராவணனுக்குக் கொடுத்த ஆசையும் வேதனையும் தனிமையும் கச்சியப்பரின் சூரனுக்கு நெடுந்தூரம் வரை வாய்ப்பதில்லை. அண்டங்களை வென்றவன், தேவரைச் சிறையிட்டவன் என்ற அளவில் அவன் உயரமாக நிற்கிறானே தவிர, அவன் மனத்துக்குள் நாம் புகுந்து பார்க்கும் வாசல்கள் குறைவு. நம்மவரின் செவியும் இராவணனால் நிரம்பியது. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டு வந்தால் மலையை எடுத்து நசுங்கிப் பின் அருள் பெற்ற இராவணன் வந்துவிடுவான். கோணமலைக்குப் போனால் பாறையில் அவன் பெயரால் ஒரு வெட்டு இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய இராவணேசன், வீழ்ச்சியின் துயரோடு நிற்கும் ஒரு மன்னனாக அவனை நம் கூத்தரங்கில் நிறுத்திவிட்டது. இத்தனைக்கும் பின்பு கூத்தெழுதக் கொப்பியைத் திறக்கும் ஒருவரின் கை, தோற்ற அசுரன் என்றவுடன் இராவணனையே எழுதத் தொடங்குவதில் வியப்பில்லை. உமக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

அண்ணாவியார் தொட்ட காட்சியை எடுத்துக்கொள்வோம். முதல்நாட் போரில் ‘வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்க’ இராவணன், வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் சிரிப்பர் என்பதற்கெல்லாம் நாணவில்லை என்று கம்பன் சொல்கிறான். ‘சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்பு கின்றான்.’ இந்த ஒரு அடியில் அவன் போருக்கு வந்த காரணமும் அவன் அழிவும் அடங்கிவிடுகின்றன. எவளுக்காக இத்தனையும் செய்தானோ, எவள் அவனை ஒருபோதும் ஏறிட்டுப் பாராளோ, அவள் சிரிப்பாளே என்பதுதான் அந்த நாணத்தை நாணமாக்குகிறது. நீர் அந்த அடியிலிருந்து சானகியை எடுத்துவிட்டுப் பதுமகோமளையை வைத்தீர். பதுமகோமளை அவனோடு வாழ்ந்து அவன் பிள்ளைகளைப் பெற்றவள். அவளை வெல்ல அவன் எந்தப் போருக்கும் போகவில்லை. அவள் சிரிப்பாள் என்று அவன் அஞ்சுவதற்குக் கதையில் எந்த வேரும் இல்லை. நிகழ்ச்சி ஒத்திருந்தால் அது குற்றமாகாது. சூரனும் இரண்டாம்நாட் போரில் தோற்று நகர் திரும்பியவன்தான். ஒருவனுடைய மனத்தை வெட்டி எடுத்து இன்னொருவனுடைய நெஞ்சில் ஒட்டியதே குற்றம்.

சூரனுடைய மனம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர். அது யுத்த காண்டத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கேதான் அவன் இராவணனைக் கடக்கிறான். இதற்கும் இராவணன் ஒரு முன்மாதிரி தந்திருக்கிறான் என்பதை மறைக்கக்கூடாது. இறுதிப் போரில் தன் படைக்கலங்களெல்லாம் பயனற்றுப் போனதைக் கண்ட இராவணன், இவன் சிவனும் அல்லன், நான்முகனும் அல்லன், திருமாலும் அல்லன் என்று ஒவ்வொருவராக விலக்கி, ‘இவனோதான் அவ்வேத முதற்காரணன்’ என்று ஐயுறுகிறான். அடுத்த கணமே, ‘யாரேனும் தான் ஆகுக, யான் என் தனி ஆண்மை பேரேன்’ என்று அதைத் தள்ளிவிட்டு மீண்டும் வில்லை எடுக்கிறான். இராவணனுக்கு அந்த அறிவு ஒரு மின்னல். அதைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

கச்சியப்பர் அந்த மின்னலை எடுத்து விளக்காக ஏற்றி வைக்கிறார். முருகன் தன் பெருவடிவத்தைக் காட்டுகிறான்; சூரன் பார்க்கிறான். மயில்மேல் வந்த குமரனைப் பாலன் என்று எண்ணியிருந்தேனே, எல்லார்க்கும் ‘மூல காரணமாய் நின்ற மூர்த்திஇம் மூர்த்தி அன்றோ’ என்கிறான். இராவணன் ‘இவனோ’ என்று கேட்ட இடத்தில் சூரன் ‘அன்றோ’ என்று தெளிகிறான்; இருவர் வாயிலும் ‘காரணம்’ என்ற அதே சொல் வருவதையும் பாரும். பின்னர் வருகிறது நான் சொல்ல வந்த பாட்டு:

சூழுதல் வேண்டும் தாள்கள் தொழுதிடல் வேண்டும் அங்கை
தாழுதல் வேண்டும் சென்னி துதித்திடல் வேண்டும் தாலு
ஆழுதல் வேண்டும் தீமை அகன்றுநான் இவற்கா ளாகி
வாழுதல் வேண்டும் நெஞ்சம் தடுத்தது மானம் ஒன்றே.

கால் அவனைச் சுற்றிவர வேண்டும் என்கிறது. கை தொழ வேண்டும் என்கிறது. தலை தாழ வேண்டும் என்கிறது. நா துதிக்க வேண்டும் என்கிறது. உடம்பு முழுவதும் முருகன் பக்கம் போய்விட்டது. போகாமல் நிற்பது ஒன்றே ஒன்று. இராவணனின் நாணம் ஒரு பெண்ணின் சிரிப்புக்கு அஞ்சியது. சூரனின் மானம், தான் கண்டு தெளிந்து தொழ விரும்பிய கடவுளுக்கும் தனக்கும் நடுவே எழுந்து நிற்கிறது. இராவணன் பகைவனை அறிய மறுத்து அழிந்தான். சூரன் அறிந்தான், விரும்பினான், அப்படியிருந்தும் ஓர் அடி எடுத்து வைக்க அவனால் முடியவில்லை. முன்னவனின் நிழலில் நடந்து வந்த ஒருவன் இந்த இடத்தில் முன்னவன் போகாத தூரத்துக்குப் போய்விடுகிறான். இதைப் போலி என்று சொல்ல எனக்கு நா எழாது.

சிறுவனாக இருந்தபோது, கோயிலில் கந்தபுராண படனம் நடக்கும் நாட்களில், வாசிப்பவருக்கும் பயன் (பொருள்) சொல்பவருக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். இந்தப் பாட்டுக்குப் பயன் சொன்ன முதியவர் ஒருவர், ஒவ்வொரு ‘வேண்டு’முக்கும் தம் காலையும் கையையும் தலையையும் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்து, ‘மானம்’ என்ற சொல்லில் கையை நெஞ்சில் வைத்தவர், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நம்முடைய பண்பாட்டைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று எழுதியதை வளர்ந்த பின்பு வாசித்தபோது, என் நினைவில் வந்தது அந்த முதியவரின் கைதான். சூரனுக்காக அவர் வருந்தினார். எதிரிக்காக வருந்தும் பழக்கத்தை எனக்குக் காட்டித் தந்தது அந்தப் படனம்.

பின்பு நடப்பது உமக்குத் தெரியும். முருகன் அந்தப் பெருவடிவத்தை ஒடுக்கிக்கொள்கிறான், சூரனுக்குப் பழைய வீம்பு திரும்புகிறது, முடிவில் கடலில் மாமரமாகி நின்று வேலால் இரு கூறாகி மயிலும் சேவலுமாக எழுகிறான். இராவணன் இறந்தபோது அவன் முகங்கள் மும்மடங்கு பொலிந்தன என்று கம்பன் பாடினான். அதுவும் பெரிய இடந்தான். ஆனால் இராவணனுக்கு அதற்கு மேல் கதையில்லை. சூரனோ தன்னை வென்றவனுக்கு ஊர்தியாகவும் கொடியாகவும் தொடர்ந்து இருக்கிறான். மானம் தடுத்த கால்கள் முருகனைச் சுமக்கின்றன, துதிக்க மாட்டாத நா சேவலாகிக் கூவுகிறது. சூரன்போர் பார்க்கும்போது, சூரனைத் தூக்கிவரும் பெடியள் ஆனைமுகமும் சிங்கமுகமும் மாறி மாறி வர வீதியில் ஓடி ஆடியபின், கடைசியில் மாங்கொப்பு வரும் நேரத்தில் சனத்தின் முகத்தைப் பாரும். அங்கே யாரும் இராவணனை நினைப்பதில்லை.

இனி உமது கொப்பிக்கு வருவோம். பதுமகோமளை சிரிக்கும் காட்சியை முழுமையாக எடுத்துவிடும். சிங்கமுகன் புத்தி சொல்லும் காட்சி இருக்கட்டும். கும்பகருணனோடு ஒப்பிடுவார்களே என்று அஞ்ச வேண்டாம். தோற்று வந்த இரவுக்கு ஒரு காட்சி வேண்டுமானால், இராமாயணத்தில் இணையில்லாத ஒரு பிள்ளை சூரனுக்கு இருக்கிறான், அவனை எடுத்தாளும். இரணியன் என்ற அந்த மகன், தந்தை அழிவது உறுதி என்று உணர்ந்து, அவருக்கு இறுதிக் கடன் கழிக்க ஒரு பிள்ளையாவது மிஞ்ச வேண்டும் என்று போர்க்களத்தை விட்டு மீனாகிக் கடலுக்குள் ஒளிந்துகொள்கிறான். வீரம் பேசும் குடும்பத்தில் ஓடி ஒளிந்தவன் அவன் ஒருவன், ஒளிந்ததும் தந்தைக்காகவே. மானத்துக்காக நிற்கும் தந்தையையும் மானத்தை விட்டு ஓடும் மகனையும் ஒரே அரங்கில் நிறுத்தினால், கடைசிப் பாட்டில் வரப்போகும் சொல்லுக்குச் சபை அப்போதே ஆயத்தமாகிவிடும்.

உமது நண்பர்களில் யாராவது, புதுமை வேண்டும் என்று சூரனுக்கு ஒரு காதலையோ நிகழ்கால அரசியலையோ சேர்க்கச் சொன்னால் கேளாதேயும். இரவல் உடுப்பைக் கழற்றி இன்னோர் இரவல் உடுப்பைப் போடுவதுதான் அது.

திருத்தியதும் கொப்பி முழுவதையும் அண்ணாவியாரிடம் கொடுக்க வேண்டாம். பெருவடிவம் காணும் காட்சியை மட்டும் கொண்டுபோய்ப் பாடிக் காட்டும். முதல் நான்கு ‘வேண்டும்’களுக்கும் சூரனை ஆட விடுவதா, ஆடாமல் நிறுத்துவதா என்பதை அவரிடமே கேளும், ஆட்டத்தில் அவர் கண்ட அனுபவம் எனக்கும் உமக்கும் கிடையாது. என் விருப்பம் ஒன்றுதான்: ‘மானம்’ என்ற சொல் வரும்போது மத்தளம் நிற்கட்டும், சூரனாக வருபவர் கையை எங்கே வைப்பது என்று அறியாமல் சிறிது நேரம் நிற்கட்டும்.